கிரவுன் மட்டும் மாத்தினா போதுமா, டியூப்பையும் மாத்தணுமா? (பழைய சாவி வாட்ச்)

கேள்வி, 2 பிப்ரவரி

தாத்தா கட்டின சாவி வாட்ச். கிரவுன் (சாவி கொடுக்கற திருகு) பல்லெல்லாம் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு, விரல்ல பிடிப்பே இல்ல, வெளிய இழுத்தா மேலயும் கீழயும் ஆடுது. ரிப்பேர் பண்றவர் கிரவுனை மட்டும் மாத்திடலாம், கிரவுன் உக்கார்ற டியூப்பை தொட்டா கேஸ் (வாட்சோட உலோகக் கூடு) போயிடும்ங்கிறார். எனக்கும் அதுதான் சரின்னு படுது. டியூப் வெறும் குழாய், அது ஒரே இடத்துல நிக்குது, அதுல என்ன தேயப் போகுது? மாத்துக் கருத்து இருந்தா சொல்லுங்க.

பதில், 2 பிப்ரவரி, இரவு

இருக்கு. டியூப் ஒரே இடத்துல நிக்குறதாலதான் தேயுது. கிரவுன் சுத்துது, அதுக்குள்ள இருக்கற ரப்பர் கேஸ்கெட் (தண்ணியைத் தடுக்கற வளையம்) டியூப்போட வெளிச்சுவரை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே சுத்துது. புது ரப்பர் ஒண்ணும் பண்ணாது. ஆனா வியர்வை, தூசி, தோல் அழுக்கு எல்லாம் சேர்ந்து அந்த ரப்பர்ல பதிஞ்சா அப்புறம் அது ரப்பர் இல்ல, உப்புத்தாள். சாவி வாட்சுக்கு தினமும் இருபது முப்பது சுத்து, அதை வருஷக்கணக்குல போட்டுப் பாருங்க. அந்தக் காலத்து டியூப் நிறைய பித்தளை, இல்லன்னா நிக்கல் சில்வர், ரெண்டுமே ஸ்டீலை விட மெத்து.

அதனால தேஞ்ச டியூப் மேல புது கிரவுன் போட்டா பாக்க அழகா இருக்கும், திருக நல்லா இருக்கும், தண்ணியும் தூசியும் பழைய வழியிலயே உள்ள போகும். புது கேஸ்கெட் உருண்டையான டியூப்பை எதிர்பார்த்து செஞ்சது, அங்க இருக்கறது முட்டை வடிவத்துல ஒண்ணு.

3 பிப்ரவரி

நான் சும்மா தியரி பேசறேன்னு நினைக்க வேணாம், என்கிட்ட இருக்கற ஒரு பழைய வாட்ச், பித்தளை கேஸ் மேல குரோம் பூச்சு, அதோட டியூப்பை ஐ கிளாஸ் (கண்ணுல வைக்கற பூதக்கண்ணாடி) மாட்டிக்கிட்டு பார்த்ததைச் சொல்றேன். ஸ்டெம்மை (கிரவுன்ல இருந்து மெஷினுக்குள்ள போற கம்பி) உருவினதும் டியூப் வாயைச் சுத்தி பச்சைக் களிம்பு, அதை மரக்குச்சியால சுரண்டினா கீழ பித்தளை பளிச்னு தெரியுது. டயல்ல 6 மணி பக்கம் சுவர் கனமா இருக்கு, 12 பக்கம் விளிம்பு பிளேடு மாதிரி மெலிஞ்சு போயிருக்கு. வெளிப்பக்கம் நடுவுல ஒரு வளையம், நகத்தை வச்சா தட்டுப்படற அளவுக்கு பள்ளம், அதுதான் கேஸ்கெட் உக்காந்திருந்த இடம். கிரவுனுக்குள்ள கேஸ்கெட்னு ஒண்ணு இல்லவே இல்ல, ஊசியால கிளறினா தார் மாதிரி கருப்பா பொடிப்பொடியா வந்துச்சு.

ஏன் ஒரு பக்கம் மட்டும் தேயுதுன்னா, கையில கட்டிக்கிட்டே சாவி கொடுக்கற பழக்கம்தான். மணிக்கட்டு இடிக்கும், விரல் நேரா போகாது, கிரவுனை ஒரு பக்கமா நெம்பிக்கிட்டே திருகுவோம். கழட்டி கையில வச்சு திருகினா அந்த பக்கவாட்டு பாரம் விழாது. இது ரொம்ப பழைய அறிவுரை, யாரும் கேக்கறதில்ல, வீட்ல நானும் சொல்லிப் பார்த்துட்டேன்.

3 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

ஆட்டம் எங்க இருந்து வருதுன்னு முதல்ல பிரிச்சுப் பாக்கணும். மூணு இடம் இருக்கு. கிரவுனுக்கும் ஸ்டெம்முக்கும் நடுவுல மரை தளர்ந்திருக்கலாம். டியூப் தேஞ்சிருக்கலாம். மூணாவதுதான் மோசம், மெஷின்ல ஸ்டெம் போற ஓட்டையே, அதாவது மெஷினோட அடித்தட்டான மெயின் பிளேட்ல, அகலமாயிருக்கலாம். மெஷினை கேஸ்ல இருந்து வெளிய எடுத்து ஸ்டெம்மை மாட்டி ஆட்டிப் பாருங்க. அப்பவும் நிறைய ஆடினா டியூப்பை மாத்தியும் பாதி வியாதிதான் தீரும். ஒரு சின்ன ஆட்டம் எல்லா மெஷின்லயும் இருக்கும், அதைப் பார்த்து பயந்துடாதீங்க.

5 பிப்ரவரி

"என் வாட்ச்ல டியூப்பே இல்லையே"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயம்தான், மேல சொன்னதெல்லாம் தனி டியூப் இருக்கற கேஸுக்கு. பழைய டிரெஸ் வாட்ச் (விசேஷத்துக்குக் கட்டற மெல்லிய வாட்ச்) நிறையல கேஸ்ல வெறும் ஓட்டை மட்டும் இருக்கும், அந்த வாட்ச் தண்ணிக்குன்னு செஞ்சதே இல்ல. இன்னும் சிலதுல டியூப் கேஸோட ஒரே உடம்பா கடைஞ்சிருப்பாங்க, அதைக் கழட்டறதுங்கற பேச்சுக்கே இடமில்ல. தேஞ்சா கடைசல் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்து பழசை சீவி எடுத்துட்டு ஓட்டை போட்டு புது டியூப் ஏத்தணும். அது வேற வேலை, வேற துணிச்சல்.

5 பிப்ரவரி

மறந்துடறதுக்கு முன்னாடி. டயல்லயும் முள்ளுலயும் இருட்டுல ஒளிர்ற பூச்சு இருந்து, வாட்ச் 1960களுக்கு முந்தினதுன்னா அது ரேடியமா இருக்க வாய்ப்பு அதிகம். இப்ப ஒளிரலையே, செத்துப் போச்சேன்னு நினைக்காதீங்க, செத்தது ஒளிர வைக்கற ரசாயனம்தான், ரேடியம் 226ஓட அரை ஆயுள் ஏறத்தாழ 1600 வருஷம். மூடின கேஸுக்குள்ள இருக்கற வரைக்கும் பெரிய பிரச்சினை இல்ல, உதிர்ந்த தூசியை மூச்சுல இழுக்கறதுதான் கூடாது. டியூப் வேலைக்கு மெஷினை வெளிய எடுக்கணும், கேஸுக்குள்ள பழுப்பா பொடி இருந்தா வாயால ஊதாதீங்க, ஈரத்துணியால துடைங்க, அந்த டயலை நீங்களே கையாளாம தெரிஞ்சவங்க கிட்ட விடுங்க.

8 பிப்ரவரி

ஸ்டெம் எடுக்கறதைப் பத்தி நிறைய கேள்வி. பழைய மெஷின்ல ஸ்டெம் பக்கத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், செட்டிங் லீவர் ஸ்க்ரூ, ஸ்டெம்மைப் பிடிச்சு வச்சிருக்கற லீவரோட ஸ்க்ரூ. அதை ஒண்ணரை, ரெண்டு சுத்து தளர்த்தினாலே ஸ்டெம் வந்துடும். முழுசா கழட்டினா அந்தப் பக்கம் லீவர் விழுந்துடும், அப்புறம் முள்ளை எடு, டயலை எடு, எல்லாத்தையும் திரும்ப அடுக்கு. புதுசு கொஞ்சம்னா ஸ்க்ரூவுக்கு பதிலா அமுக்கற புள்ளி இருக்கும், மெதுவா அமுக்கிக்கிட்டே உருவணும், ஓவரா அமுக்கினா அதே கதிதான்.

பின்மூடியே இல்லாத வாட்ச் வச்சிருக்கறவங்க எதையும் திறக்கத் தேடாதீங்க. அதுல ஸ்டெம் ரெண்டு துண்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கவ்விக்கிட்டு இருக்கும், கிரவுனோட வெளித்துண்டு பிடுங்கினாதான் வரும், மெஷின் கண்ணாடி வழியாத்தான் வெளிய வரும். அது தெரியாம ஸ்டெம் உடைஞ்சிடுச்சுன்னு பதறினவங்க நிறைய பேர்.

8 பிப்ரவரி

இன்னொண்ணு, ஸ்டெம்மை எடுத்துட்டு வாட்ச்சை அப்படியே மேஜைல கவுத்து வைக்காதீங்க.

11 பிப்ரவரி

இப்ப அளவு. இங்கதான் காசும் நேரமும் வீணாகுது. "இந்த கம்பெனி வாட்சுக்கு கிரவுன்"னு கேட்டு வாங்கறது பாதி நேரம் பொருந்தாது, ஒரே மாடல்லயே கேஸ் செஞ்ச ஆள் மாறியிருப்பார். பேரை விட்டுட்டு அளவைப் பிடிங்க.

டியூப்புக்கு நாலு. கேஸுக்குள்ள போற பாகத்தோட வெளி விட்டம், வெளிய துருத்திக்கிட்டு நிக்கற பாகத்தோட வெளி விட்டம், உள் விட்டம், வெளிய நிக்கற நீளம். ரெண்டு வெளி விட்டமும் ஒண்ணுன்னு நினைச்சு ஒண்ணை மட்டும் அளக்காதீங்க, நடுவுல தோள் வச்ச டியூப் நிறைய. கிரவுனுக்கு மரை அளவு, டியூப் நுழையற குழியோட விட்டமும் ஆழமும், மொத்த விட்டம், கனம். மரையை பொறுத்தவரை நிறைய ஸ்விஸ் மெஷின்ல ஸ்டெம் 0.90 மி.மீ., வியாபாரத்துல டேப் 10ன்னு சொல்றது அதுதான். 1.00ன்னா டேப் 9, 1.20ன்னா டேப் 8. நம்பர் குறைஞ்சா மரை பெருசு. 0.90 ஸ்டெம்ல 1.00 கிரவுன் ஏறி உக்காந்த மாதிரியே தெரியும், இழுத்தா கையோட வந்துடும்.

தேஞ்ச இடத்துல அளந்தா தேஞ்ச அளவுதான் வரும். அதனால டியூப்போட அடிப்பக்கம், கேஸை ஒட்டி கேஸ்கெட் போகாத இடம் இருக்கும் பாருங்க, அங்க கேலிபர் வைங்க. 0.01 காட்டற டிஜிட்டல் கேலிபர் போதும், ஆனா அது காட்டற கடைசி இலக்கத்தை ரொம்ப நம்பாம ரெண்டு மூணு இடத்துல அளங்க.

வாங்கறப்ப கிரவுனையும் டியூப்பையும் ஜோடியா வாங்குங்க. என் மொத்த வாதமே இதுதான், மீதி எல்லாம் எப்படிங்கறதுதான்.

14 பிப்ரவரி

பழைய டியூப்பை எடுக்கறது. ரெண்டு ஜாதி, மரை போட்டு திருகினது, அழுத்தி ஏத்தினது. உள்பக்கம் ஐ கிளாஸ்ல பாருங்க, நீளவாக்குல சின்னச் சின்ன பல் வரிசை தெரிஞ்சா திருகினது, அதுக்கேத்த சாவி உள்ள விட்டு திருப்பணும். உள்ள வழவழன்னு இருந்தா அனேகமா அழுத்தினது, அதை கேஸுக்கு உள்பக்கம் இருந்து சரியான பஞ்ச் (தட்டித் தள்ளற கம்பி) வச்சு நேரா தள்ளணும். நேராங்கறதுதான் முக்கியம். குறடு வச்சு பிடிச்சு ஆட்டி ஆட்டி எடுத்தா டியூப் வரும், கூடவே ஓட்டையும் முட்டை வடிவமாயிடும்.

பல தடவை டியூப் பாதியில முறியும். அப்ப உள்ள மாட்டின துண்டுல ஓரத்துல கடிக்கற மாதிரி சரிவான சதுர புரோச் (முனை குறுகின ஸ்டீல் கம்பி) ஒண்ணை இறுக்கி, அதைப் பிடிச்சு திருப்பினா மரை டியூப் வந்துடும். அழுத்தினதுன்னா அதுக்குள்ள மரை வெட்டற டேப் ஒண்ணு விட்டு மரை போட்டு, அந்த டேப்போடயே பின்னாடி தட்டி எடுக்கலாம். எடுக்கறதுக்கு முன்னாடி கேஸை லேசா சூடு பண்ணினா பழைய பசை இருந்தா விட்டுக்குடுக்கும், கண்ணாடியும் கேஸ்கெட்டும் கழட்டின வெறும் கேஸா இருந்தா மட்டும்.

14 பிப்ரவரி, இரவு

கிரவுனுக்குள்ள ஸ்டெம் முறிஞ்சு மாட்டிக்கிட்டவங்களுக்கு ஒரு அருமையான வைத்தியம், படிகாரம். வெதுவெதுப்பான தண்ணில படிகாரத்தை கரையற வரைக்கும் கரைச்சு கிரவுனைப் போட்டு வச்சா ஸ்டீலை மட்டும் தின்னும், பித்தளையை தொடாது. ஸ்டெம் துண்டுல இருந்து குட்டிக் குமிழி மேல வரும், மெதுவா கருத்து கரைஞ்சு போகும். பொறுமை வேணும், தண்ணி ஆறிப் போனா வேகம் குறையும். கிரவுன் ஸ்டீல்னா, இல்ல உள்ள ஸ்டீல் ஸ்ப்ரிங் இருக்குன்னா இது வேண்டவே வேணாம். மெஷின் பக்கமே இந்தக் கிண்ணத்தை கொண்டு போகாதீங்க.

"ஷேவ் பண்ணினதும் தடவற அதே படிகாரமா"ன்னு கேட்டிருக்கார் ஒருத்தர். அதேதான். ரெண்டுக்கும் ஒரே கட்டியை வச்சுக்காதீங்க.

17 பிப்ரவரி

பேச்சு ஸ்க்ரூ கிரவுன் பக்கம் போயிடுச்சு, சரி போகட்டும். கிரவுனை டியூப்போட மரைல திருகி மூடற யோசனை ரோலெக்ஸ் கண்டுபிடிச்சதுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். நிஜத்துல அது 1925ல பெரகோ, பெரேன்னு ரெண்டு பேர் ஸ்விட்சர்லாந்துல பேட்டன்ட் போட்டது, அந்த உரிமையை ரோலெக்ஸ் நிறுவனர் வில்ஸ்டார்ஃப் வாங்கிக்கிட்டார், 1926ல ரோலெக்ஸோட ஆய்ஸ்டர் வாட்ச் வந்துச்சு. 1927 அக்டோபர்ல நீச்சல் வீராங்கனை மெர்சிடிஸ் கிளைட்ஸ் இங்கிலீஷ் சானல்ல நீந்தினப்ப கழுத்துல அந்த வாட்ச் தொங்கிச்சு. அந்த நீச்சலை குளிரால அவங்களால முடிக்க முடியல, வாட்ச் மட்டும் நல்லா ஓடிச்சு, அடுத்த மாசமே பேப்பர் முதல் பக்கத்துல விளம்பரம். அவங்க சானலை நிஜமாவே கடந்தது அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, வாட்ச் இல்லாம.

ஸ்க்ரூ கிரவுன்ல தேய்மானம் வேற மாதிரி. மரை வழுக்கும், பாதி திருகினதும் டக்குன்னு வெளிய துள்ளும். காரணம் பெரும்பாலும் கோணலா ஏத்தி இறுக்கினது. மூடறப்ப முதல்ல எதிர்ப்பக்கம் மெதுவா திருப்புங்க, ஒரு சின்ன 'டக்' விரல்ல தெரியும், மரையோட வாய் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம், அப்புறம் முன்பக்கம். இங்கயும் கிரவுன் மரை போச்சுன்னா டியூப் மரையும் போயிருக்கும், ஒண்ணை மட்டும் மாத்தினா பழசு புதுசை தின்னுடும்.

20 பிப்ரவரி

புது டியூப் ஏத்தறது. கேஸ் ஓட்டையை அசிட்டோன் போட்டு துடைச்சு காய விட்டு, டியூப்பை கையாலேயே நுழைச்சுப் பாருங்க. கையால முழுசா உள்ள போனா ஓட்டை அகலம், கொஞ்சம் போய் நின்னா சரி. அழுத்தறதுக்கு உள்ள ஒரு கம்பி விட்டு டியூப் நசுங்காம பாத்துக்கிட்டு நேரா தள்ளணும்.

ஓட்டை அகலமா போயிருந்தா அடுத்த பெரிய அளவு டியூப் எடுத்து ஓட்டையை ரீமர்ல (ஓட்டையைச் சீவி பெருசாக்கற கருவி) உருண்டையாக்கறதுதான் முறை. பித்தளை கேஸ்ல சுவர் மெலிசு, அவ்வளவு இடம் இருக்காது. அங்க லாக்டைட் 638 மாதிரி பிடிமானப் பசை கைகொடுக்கும். அது காத்து படாத இடத்துல, உலோகம் ரெண்டு பக்கமும் தொடற இடத்துலதான் இறுகும். டியூப்போட வெளிப்பக்கம் ஊசிமுனை அளவு போதும். அதிகமானது உள்ள வழிஞ்சு டியூப் துளைக்குள்ள போனா குச்சியால உடனே துடைக்கணும். சூப்பர் க்ளூ வேணாம், அதோட ஆவி டயல் மேல, கண்ணாடி மேல வெள்ளையா படியும்.

20 பிப்ரவரி, பின்னாடி சேர்க்கறது

யோசிச்சுப் பார்த்தா அந்த ரிப்பேர்காரர் பயம் முழுக்க தப்புன்னு சொல்ல மாட்டேன். குரோம் பூசின மெல்லிய பித்தளை கேஸ்ல டியூப் எடுக்கறப்ப பூச்சு உரியலாம், ஓட்டை விளிம்பு பிஞ்சு வரலாம். அவர்கிட்ட சரியான பஞ்ச், ஸ்டேக்கிங் செட் (பஞ்ச்சை நேரா நிறுத்தற தாங்கி) இல்லைன்னா தொடாம இருக்கறதே உத்தமம். ஆனா "டியூப் தேயாது"ங்கறது வேற, "என்னால பத்திரமா எடுக்க முடியாது"ங்கறது வேற. ரெண்டாவதை அவர் நேரா சொல்லியிருந்தா எனக்கு மரியாதை கூடியிருக்கும்.

23 பிப்ரவரி

ஸ்டெம் வெட்டறது. புது ஸ்டெம் நீளமாத்தான் வரும். கிரவுனை மாட்டி, உள்ள தள்ளி, கேஸுக்கும் கிரவுனுக்கும் நடுவுல தெரியற இடைவெளியை அளந்து, அதை விட கொஞ்சம் குறைவா வெட்டணும். மீதியை ராவி ராவி சரிக்கட்டணும். நீளம் அதிகமானா கேஸ்கெட் டியூப்பை எட்டாது, தேஞ்ச டியூப்ல புது கிரவுன் போட்ட கதைதான். குறைஞ்சா கிரவுன் கேஸ்ல முட்டிக்கிட்டு ஸ்டெம் சாவி கொடுக்கற நிலைக்கு முழுசா போகாது, திருகினா கரகரன்னு பல் நழுவும். ராவற தூளு மெஷின் பக்கம் போகவே கூடாது, வேற மேஜைல வச்சு ராவுங்க. கடைசில முனையை சாய்வா ஒரு தடவை இழுத்தா மரை சுலபமா பிடிக்கும். எல்லாம் சரியாச்சுன்னா ஸ்டெம் மரைல லாக்டைட் 222 ஒரு பொட்டு. 222 கழட்டக்கூடியது, பலமான பசையைப் போட்டா அடுத்து பாக்கறவர் நம்மளை வாழ்த்த மாட்டார்.

ஸ்க்ரூ கிரவுன்னா உள்ள ஸ்ப்ரிங் இருக்கறதை கணக்குல எடுங்க, முழுசா திருகி மூடினப்பவும் ஸ்ப்ரிங் இன்னும் கொஞ்சம் அமுங்கற மாதிரி இருக்கணும், கட்டையா முட்டக் கூடாது.

24 பிப்ரவரி

ஒரிஜினல் கிரவுனை மாத்தினா வாட்ச் மதிப்பு போயிடுமேன்னு சண்டை. விக்கறவங்க பார்வையில போகும்தான், கம்பெனி முத்திரை போட்ட கிரவுனுக்கு தனி மவுசு. கட்டறவங்க பார்வையில, ஈரம் உள்ள போய் டயல் புள்ளி புள்ளியா போனா அந்த முத்திரை எதுக்கு? நான் பழைய கிரவுனையும் டியூப்பையும் சின்ன பாக்கெட்ல போட்டு அளவு எழுதி வச்சிருக்கேன். இதுல எனக்கே நிலையான கருத்து இல்ல, அபூர்வமான வாட்ச் கைக்கு வந்தா நானும் பழைய கிரவுனை விட்டுட்டு தண்ணி பக்கமே போகாம கட்டுவேனோ என்னவோ. நடுவழி ஒண்ணு இருக்கு. டியூப்பை மட்டும் மாத்தி, பழைய கிரவுனுக்குள்ள புது கேஸ்கெட் வைக்கறது, பல் தேஞ்சிருந்தாலும் குழி நல்லா இருந்தா நடக்கும். ஜோடியா மாத்தணும்னு நான் சொன்னதுக்கு இது ஒண்ணுதான் விதிவிலக்கு.

27 பிப்ரவரி

வேலை முடிஞ்சதும் டம்ளர் தண்ணில போட்டுப் பாக்கறேன்னு சொன்னவரே, தயவுசெஞ்சு வேணாம். கசிஞ்சா தண்ணி உள்ள போனப்புறம்தான் தெரியும். சரியான சோதனை ரெண்டு விதம். ஒண்ணு காத்தழுத்தத்துல கேஸ் எவ்வளவு விரியுது, அமுங்குதுன்னு அளக்கற உலர் சோதனை. இன்னொண்ணு, வாட்ச்சை தண்ணிக்கு மேல தொங்க விட்டு காத்தழுத்தம் ஏத்தி, அப்புறம் தண்ணில இறக்கி அழுத்தத்தை மெதுவா விடறது. கசிவு இருந்தா டியூப் ஓரமா குமிழி கோடு போடும், அந்த நிமிஷமே தூக்கிடணும்.

வீட்ல பண்ணணும்னா வாட்ச் தண்ணி தாங்கறதுக்கான சர்வதேச தரம் ஐஎஸ்ஓ 22810ல சொல்ற ஈரப் பரிசோதனை போதும். வாட்ச்சை 40-45 டிகிரி சூட்டுத் தட்டுல பத்து இருபது நிமிஷம் வச்சு, கண்ணாடி மேல 18-25 டிகிரி தண்ணி ஒரு சொட்டு விடுங்க, ஒரு நிமிஷம் கழிச்சு துடைங்க. கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படிஞ்சா உள்ள ஈரம் இருக்கு. இது உள்ள ஏற்கெனவே ஈரம் இருக்கான்னுதான் சொல்லும், எந்த வழியா வந்துச்சுன்னு சொல்லாது. அக்ரிலிக் கண்ணாடி ஓரத்துலயும் பின்மூடி கேஸ்கெட்லயும் வழி இருக்கும், டியூப்பை மட்டும் குத்தம் சொல்லிடாதீங்க.

4 மார்ச்

கேள்வி கேட்டவர் தகவல் போட்டிருக்கார். வேற ஒருத்தர்கிட்ட குடுத்து ரெண்டையும் மாத்தியாச்சாம், வந்த பழைய டியூப்ல பள்ளம் விழுந்திருந்துச்சாம். கிரவுன் இப்ப "ரொம்ப இறுக்கமா" இருக்குங்கறார். புது கேஸ்கெட் அப்படித்தான், நைட்ரைல் ரப்பர் கொஞ்ச நாள்ல படிஞ்சுடும். அதுக்குள்ள மெஷின் எண்ணெய் விட்டுடாதீங்க, சிலிக்கான் கிரீஸ் தேச்சிருக்காங்களான்னு மட்டும் கேளுங்க. சாவி கொடுக்கறப்ப இறுக்கம் சீரா இருந்தா கேஸ்கெட், ஒரு சுத்துல ஒரே இடத்துல மட்டும் கூடிக் குறைஞ்சா டியூப் கோணலா ஏறியிருக்கு, அப்படின்னா திரும்பக் கொண்டு போய் காட்டுங்க.